மாம்பழ மார்கரிட்டா வீட்டுல போட்டா கசக்குது, தண்ணி பிரியுது. எங்க தப்பு?

தக்கலைக்காரன்:

மார்கரிட்டாங்கிற டெக்கீலா காக்டெயிலை மாம்பழத்துல ரெண்டு தடவை போட்டுப் பாத்தாச்சு, ரெண்டும் சொதப்பல். செஞ்ச முறை இதுதான். நல்லா பழுத்த செங்கவருக்கை மாம்பழம் ரெண்டு, எலுமிச்சம்பழம் ரெண்டு (தோலோட நாலா வெட்டினது), சீனி நாலு ஸ்பூன், டெக்கீலா 120 மி.லி., ஒரு டிரே ஐஸ். எல்லாத்தையும் மொத்தமா மிக்சியில போட்டு ஒரு நிமிஷம் ஓட்டினேன்.

முதல் வாய் நல்லாத்தான் இருக்கு. ரெண்டாவது வாயில இருந்து அடிநாக்குல கசப்பு. அஞ்சு நிமிஷத்துல மேல நுரை, கீழ தண்ணி. கிளாஸ் விளிம்புல வச்ச பொடியுப்பு கரைஞ்சு உள்ள இறங்கி, கடைசி மடக்கு கடல்தண்ணி மாதிரி ஆயிடுது.

டிரிபிள் செக் (ஆரஞ்சுத் தோல் மணமுள்ள இனிப்பு மது) இங்க கிடைக்கல. அது இல்லாம வழி உண்டா? அடுத்து அன்னாசியிலயும் போடணும். வர்றவங்கள்ல குடிக்காதவங்களும் உண்டு, அவங்களுக்கும் அதே ருசியில ஒண்ணு வேணும். தெரிஞ்சவங்க அளவோட சொல்லுங்க.

அவுன்ஸ்_கிளாஸ்:

கசப்பு எலுமிச்சைத் தோல்ல இருந்து வருது தம்பி. தோலுக்கு அடியில இருக்குற வெள்ளைப் பாகமும் விதையும் அரைபட்டா கசப்பு கொஞ்சங்கொஞ்சமாத்தான் இறங்கும். முதல் வாய்ல தெரியாம ரெண்டாவதுல தெரிஞ்சதுக்கு அதுதான் காரணம். எலுமிச்சையைக் கையால பிழிஞ்சு, விதை எடுத்து, சாறு மட்டும் ஊத்துங்க. சக்கையா ஆகுற வரைக்கும் முறுக்கிப் பிழிய வேண்டாம். முந்தின நாள் பிழிஞ்சு வச்ச சாறும் ஆகாது, வாசனை போய் ஒரு பழைய ருசி வந்துடும். போடுறதுக்கு ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள பிழிஞ்சா போதும்.

இப்போ அளவு. பழம் சேராத மார்கரிட்டாவுக்கு சர்வதேச பார்டெண்டர் சங்கம் வச்சிருக்கிற கணக்கு டெக்கீலா 50, டிரிபிள் செக் 20, எலுமிச்சைச் சாறு 15 மி.லி. இதுல பழத்தை அப்படியே கூடச் சேர்த்தா மந்தமாத்தான் இருக்கும். நல்லா பழுத்த மாம்பழத்துல இனிப்பு நிறைய, புளிப்பு ரொம்பக் குறைவு. அதனால பழம் ஏற ஏற எலுமிச்சையும் ஏறணும். எல்லாரும் கோட்டை விடுறது இங்கதான். பழம் கூடினா சீனி கூட்டுறாங்க, கூட்ட வேண்டியது புளிப்பு.

ஒரு கிளாஸுக்கு, குலுக்கிப் போடுற முறை: டெக்கீலா 45, டிரிபிள் செக் 15, எலுமிச்சைச் சாறு 25, வடிகட்டின மாம்பழக் கூழ் 45 மி.லி., ரெண்டு விரல்ல எடுத்த உப்பு. சீனிப்பாகு வேணும்னா 5 மி.லி., அதுக்கு மேல வேண்டாம். ஷேக்கர்ல (மூடி போட்டுக் குலுக்குற பாத்திரம்) முக்கால் பாகம் ஐஸ் போட்டு 12 செகண்ட் நல்லா அடிச்சுக் குலுக்கி, டீ வடிகட்டியில வடிச்சு, புது ஐஸ் போட்ட கிளாஸ்ல ஊத்துங்க. குலுக்கின ஐஸை அப்படியே கிளாஸ்ல தட்டினா, அது ஏற்கெனவே உடைஞ்சு உருகின ஐஸ். அஞ்சு நிமிஷத்துல தண்ணிதான் கிடைக்கும்.

குலுக்குறதுக்கு முன்னாடி ஒரு துளி நாக்குல வச்சுப் பாருங்க. இனிப்பும் புளிப்பும் ரெண்டுமே கொஞ்சம் ஓவரா இருக்கணும். குலுக்கும்போது ஐஸ் உருகி ஏறக்குறைய கால் பங்கு தண்ணி சேரும், அப்போ சரியா வந்து நிக்கும். முதல்லயே சரியா இருந்தா முடிவுல சப்புன்னு போயிடும்.

அன்னாசிக்கு இந்தக் கணக்கு அப்படியே ஆகாது. அதுல சொந்தப் புளிப்பு உண்டு. சாறு 45, எலுமிச்சை 15 முதல் 20. நடுத்தண்டையும் கண்ணையும் நல்லா எடுத்துட்டு அரைச்சு, வடிகட்டி, 20 நிமிஷம் பிரிட்ஜ்ல வச்சா நுரை அடங்கிடும். குலுக்கும்போது திரும்ப நுரைக்கும். அது பழத்தோட இயல்பு, கெட்டுப் போகல. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துல ஊடுபயிரா வர்ற அன்னாசி பச்சையா வெட்டி வந்திருந்தா ரெண்டு நாள் வெளியில வச்சு, அடிப்பக்கம் மணக்குற வரைக்கும் பொறுங்க. பறிச்ச பிறகு அதுல இனிப்பு ஏறாது, ஆனா புளிப்பு கொஞ்சம் தணிஞ்சு மணம் வரும்.

டெக்கீலா வடிக்கிறது அகாவேங்கிற செடியில இருந்து. பாட்டில்ல '100 சதவீதம் அகாவே'ன்னு போட்டிருக்கான்னு பாருங்க. போடலைன்னா 51 சதவீதம் மட்டும் அகாவே, மிச்சம் வேற சர்க்கரையில வடிச்சதா இருக்கலாம். அது தொண்டையில குத்தும். பழ மார்கரிட்டாவுக்கு வெள்ளை டெக்கீலா போதும். மரப்பீப்பாயில ஊறின ரெப்போசாடோ அன்னாசியோட நல்லா சேரும், மாம்பழத்தோட சேர்த்தா வீண். ஒரு விஷயம், அகாவேன்னா நம்ம தலையில தேய்க்கிற சோத்துக்கத்தாழை கிடையாது. வேலியோரத்துல பெருசா முள்ளோட நிக்குமே ஆனைக்கத்தாழை, அந்தச் சாதி.

மிக்சி_மகராசி:

அண்ணாச்சி சொன்னது குலுக்குற முறை. தம்பி கேட்டது மிக்சியில அடிக்கிறது, அதுக்குக் கணக்கு வேற.

ஒரு டிரே ஐஸ் போட்டா தண்ணியாகாம என்ன செய்யும்? பழத்தையே ஐஸா மாத்துங்க. மாம்பழத்தைச் சின்னத் துண்டா வெட்டி, தட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டாமப் பரத்தி, ஃப்ரீசர்ல 6 மணி நேரம். ரெண்டு கிளாஸுக்கு: உறைஞ்ச மாம்பழம் 200 கிராம், டெக்கீலா 90, டிரிபிள் செக் 30, எலுமிச்சை 45, சீனிப்பாகு 20 மி.லி., ஐஸ் 100 கிராம். ஐஸை துணியில கட்டி சப்பாத்திக் கட்டையால நாலு தட்டு தட்டிட்டுப் போடுங்க. முழுக்கட்டி ஐஸுக்கு நம்ம வீட்டு மிக்சி பிளேடு தாங்காது, ஜாருக்கு அடியில இருக்குற கப்ளர் தேய்ஞ்சு போகும்.

ஜாரை முதல்லயே பிரிட்ஜ்ல வைங்க. முதல்ல தண்ணியா இருக்குறது எல்லாம், அப்புறம் பழம், கடைசியில ஐஸ். தொடர்ந்து ஒரு நிமிஷம் ஓட்டினா மோட்டார் சூடும் பிளேடு உரசுற சூடும் சேர்ந்து பாதி உருகிடும், காத்தும் உள்ள ஏறும். மேல நுரை கீழ தண்ணின்னு பிரிஞ்சது அதனாலதான். 5 செகண்ட் ஓட்டி நிறுத்தி, கரண்டியால கிளறி, மறுபடி 5 செகண்ட். நாலஞ்சு தடவை போதும். கரண்டியில எடுத்தா இட்லி மாவு மாதிரி மெதுவா விழணும்.

சரக்கைக் கூட்டினா கட்டியா நிக்காது. மேல சொன்ன அளவுல மொத்தக் கலவையில ஆல்கஹால் 10 சதவீதம் கிட்ட வருது. அதைத் தாண்டினா எத்தனை ஐஸ் போட்டாலும் கொழகொழன்னுதான் இருக்கும். சீனியை மொத்தமா விட்டுட்டாலும் சரிவராது, சொரசொரன்னு ஐஸ் பொடி தனியா, சாறு தனியான்னு நிக்கும். இன்னொண்ணு, ஒரு கிளாஸ்ல ஒரு லார்ஜ் (60 மி.லி.) சரக்கு முழுசா இருக்கு. ஜூஸ் மாதிரி இறங்குறதால தெரியாது. மூணாவது கிளாஸ் ஊத்துறதுக்கு முன்னாடி அதை நினைச்சுக்கோங்க, வண்டிச் சாவியையும் வாங்கி வச்சிருங்க.

ஐஸ் விஷயத்துல நம்ம ஊருக்குன்னு ஒரு வம்பு உண்டு. ஃப்ரீசர்ல சாளையும் நெத்தோலியும் இருந்தா திறந்த டிரேயில இருக்குற ஐஸ் அந்த வாடையை அப்படியே இழுத்துக்கும். எலுமிச்சை போட்டாலும் போகாது. கொதிக்க வச்சு ஆறின தண்ணியை மூடி போட்ட டப்பாவுல உறைய வைங்க. மீன் பெட்டிக்குப் போடுற கட்டி ஐஸை வாங்கிப் போடுறதுன்னு மட்டும் வச்சுக்காதீங்க. அது குடிக்கிறதுக்கு உண்டாக்கினது இல்ல.

மட்டி வாழைப்பழத்துல போடலாமான்னு இங்க முன்னாடி ஒருத்தர் கேட்டிருந்தார். 2023-ல புவிசார் குறியீடு வாங்கின பழம்தான், மணமும் நல்ல மணம், ஆனா குலுக்குற முறைக்கு ஆகவே ஆகாது. மாவாத் தொங்கும், கால் மணி நேரத்துல கறுத்தும் போகும். உறைய வச்சு அடிக்கிறதுன்னா மட்டும் அன்னாசி ரெண்டு பங்குக்கு மட்டி ஒரு பங்கு.

உப்பு_முக்கியம்:

விளிம்பு உப்பைப் பத்தி யாரும் சொல்லல. பொடியுப்பு வேண்டாம். தானியம் சின்னதா இருக்குறதால ஈரம் பட்டதும் கரையும், ஒரு விளிம்புக்குத் தேவைக்கு மேல ஒட்டும். புத்தளம், சாமிதோப்பு உப்பளத்துக் கல்லுப்பே போதும், ஆனா அப்படியே இல்ல. கல்லுப்பு காத்துல ஈரம் பிடிக்கும். வெறும் சட்டியில சின்னத் தீயில 3, 4 நிமிஷம் வறுத்து, ஆறினதும் அம்மியிலயோ இடிகல்லுலயோ ரவை பருமனுக்கு நுணுக்குங்க. கையில எடுத்தா ஒட்டாம உதிரணும்.

கிளாஸை உப்புக்குள்ள கவுத்தாதீங்க. அப்படிச் செஞ்சா உள்பக்கமும் ஒட்டி, குடிக்கக் குடிக்க உள்ள விழும். உங்க கடல்தண்ணிக்குக் காரணம் அதுதான். எலுமிச்சைத் துண்டால விளிம்போட வெளிப்பக்கத்தை மட்டும், அதுவும் பாதிச் சுத்து தேய்ச்சு, கிளாஸை சாய்ச்சுப் பிடிச்சு உப்புத் தட்டுல உருட்டுங்க. ஒரு தட்டு தட்டி மிச்சத்தை உதறிட்டு 10 நிமிஷம் காய விடுங்க. உப்பு வேண்டாங்கிறவன் மறுபக்கம் குடிச்சுக்குவான்.

மாம்பழத்துக்கும் அன்னாசிக்கும் உப்பு மூணு பங்கு, மிளகாய்ப்பொடி ஒரு பங்கு. கன்னியாகுமரி கடற்கரையில மாங்காய்க் கீத்துக்குத் தூவித் தர்றதே அதைத்தான்.

டிரிபிள் செக் இல்லைன்னா ஆரஞ்சுப்பாகு செஞ்சுக்கலாம்: கமலா ஆரஞ்சு ரெண்டோட தோலை எடுத்து, வெள்ளைப் பாகத்தை ஸ்பூனால வழிச்சுட்டு, 100 கிராம் சீனியோட சேர்த்து விரலால நல்லா நசுக்குங்க. மூடி 2 மணி நேரம் வச்சா சீனி ஈரமாகி ஆரஞ்சு எண்ணெய் இறங்கியிருக்கும். 100 மி.லி. சுடுதண்ணி ஊத்திக் கரைச்சு வடிகட்டுங்க. கொதிக்க விட்டா மணம் போயிடும். ஒரு கிளாஸுக்கு 15 மி.லி. இதுல சரக்கு கிடையாது, அதனால டெக்கீலாவை 45-ல இருந்து 55 ஆக்குங்க. வேற சீனிப்பாகு வேண்டாம். பிரிட்ஜ்ல ஒரு வாரம் நிக்கும்.

அவுன்ஸ்_கிளாஸ்:

பாதி விளிம்புங்கிறது சரி. ஆனா மிளகாய் மூணுக்கு ஒண்ணு ஜாஸ்தி. நம்ம வீட்டு மிளகாய்ப்பொடியோட எரிவுக்கு ஆறுக்கு ஒண்ணு போதும், உதட்டுல நேரா படுற சாமான். காரத்துக்கு இல்லாம நிறத்துக்குப் போடுற காஷ்மீரி மிளகாய்னா மூணுக்கு ஒண்ணு சரி.

கொல்லாம்_பிரியன்:

மார்ச், ஏப்ரல்ல போடுறதா இருந்தா கொல்லாம்பழத்தை (முந்திரிப்பழம்) விடாதீங்க. கொட்டையைத் திருகி எடுத்துட்டுப் பழத்தை வீசுற ஊரு நம்ம ஊரு. அந்த மணம் டெக்கீலாவோட சேர்ற மாதிரி வேற எந்தப் பழத்தோட மணமும் சேராது. என் கணக்குல மாம்பழத்தைவிட ஒரு படி மேல.

தொண்டை கரகரப்புத்தான் இடைஞ்சல். அது சாறுல இருக்குற டானின்ங்கிற துவர்ப்புப் பொருள், எடுத்துரலாம். பழத்தைப் பறிச்ச அன்னைக்கே கழுவிப் பிழிஞ்சு வடிகட்டுங்க, மறுநாள் ஆனா புளிக்க ஆரம்பிச்சிடும். லிட்டர் சாறுக்கு 5 கிராம் ஜவ்வரிசியைப் பொடிச்சு, கொஞ்சம் தண்ணியில கண்ணாடியா வேக வச்சு, ஆற வச்சு, சாறுல கலக்கி பிரிட்ஜ்ல 12 மணி நேரம் ஆடாம வைங்க. டானின் எல்லாம் ஜவ்வரிசியோட சேர்ந்து அடியில மண்டியாப் படியும். மேல தெளிஞ்ச சாறை மட்டும் பைய சாய்ச்சு எடுங்க. மண்டி கலங்கிட்டா மறுபடி வச்சுத்தான் ஆகணும்.

தெளிஞ்ச சாறு 60, டெக்கீலா 45, எலுமிச்சை 20, ஆரஞ்சுப்பாகு 15. மிக்சி வேண்டாம், குலுக்குங்க. சாறு வெள்ளை உடுப்புல பட்டா கறை போகாது, அதையும் சொல்லிருதேன்.

மிக்சி_மகராசி:

குடிக்காதவங்களுக்கும் 21 வயசு ஆகாத பிள்ளைகளுக்கும்: மாம்பழக் கூழ் 60, எலுமிச்சை 25, மேல சொன்ன ஆரஞ்சுப்பாகு 20, இஞ்சிச் சாறு 5, ஆறின கடுங்கட்டன் சாயா (பால் சேர்க்காத கடுந்தேநீர்) 30 மி.லி., ஒரு சிட்டிகை உப்பு. குலுக்கி ஊத்தி, மேல 60 மி.லி. சோடா. வெறும் பழச்சாறுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் இஞ்சியும் கட்டனும்தான். ஒண்ணு தொண்டையில எரிவு தரும், இன்னொண்ணு லேசான துவர்ப்பு. இஞ்சிச் சாறை அரை மணி நேரம் தெளிய வச்சு மேலாப்புல எடுங்க, அடியில படியுற வெள்ளை மாவு வேண்டாம். இதை முதல்ல போட்டு முடிச்சுட்டு, அப்புறம் சரக்கு போடுங்க. ஒரே ஷேக்கரைக் கழுவாம மாத்தி மாத்திப் போடக்கூடாது.

தக்கலைக்காரன்:

இவ்வளவு விவரமா கிடைக்கும்னு நினைக்கல, ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். ஆறு பேருக்கு முன்கூட்டியே கலந்து வைக்கலாமா? ஷேக்கர் இல்ல, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல குலுக்கலாமா?

அவுன்ஸ்_கிளாஸ்:

கலந்து வைக்கலாம். டெக்கீலா 270, டிரிபிள் செக் 90, மாம்பழக் கூழ் 270 மி.லி. இதை மட்டும் காலையில கலந்து பிரிட்ஜ்ல வைங்க. ஆரஞ்சுப்பாகா இருந்தா அதுவும் 90, டெக்கீலா 330. பரிமாறுறதுக்கு முன்னாடி எலுமிச்சைச் சாறு 150 மி.லி., குளிர்ந்த தண்ணி 150 மி.லி. சேர்த்துக் கலக்குங்க. குலுக்காததால ஐஸ் உருகி வர வேண்டிய தண்ணியை நாமளே ஊத்துறோம், அதை விட்டுட்டா தொண்டை எரியும். எலுமிச்சைக்குப் பழக்கணக்கு வேண்டாம், அளந்து ஊத்துங்க. சின்னப் பழம்னா 12 கூட ஆகலாம், சாறு உள்ள பழம்னா எட்டே போதும். கூழ் அடியில தங்கும், ஒவ்வொரு கிளாஸுக்கும் முன்னாடி ஒரு கிளறு.

கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஐஸ் கட்டி மோதி உடையும். வாய் அகலமான எவர்சில்வர் தூக்குவாளி, திருகு மூடியும் ரப்பர் வளையமும் உள்ளது, போதும். பாதிக்கு மேல நிரப்பாதீங்க, மூடியை உள்ளங்கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு குலுக்குங்க. வெளிப்பக்கம் பனி பூத்து கை மரத்தா நிறுத்திரலாம். சோடாவை மட்டும் உள்ள ஊத்திக் குலுக்கிறாதீங்க, மூடி தெறிச்சு கூரையில நிக்கும்.