ஸ்ரீரங்கத்துல ஒரு 2009 சான்ட்ரோ: வாங்கி பூந்தமல்லி வரைக்கும் ஓட்டிட்டு வரலாமா?

பூந்தமல்லிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஒரகடத்துல ஷிப்ட் வேலை, வீடு நசரத்பேட்டை பக்கம். அப்பாவுக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, பஸ் படி ஏற முடியல. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு தடவையும் ஆட்டோ பிடிச்சுப் போய் வர்றது கட்டுப்படியாகல. அதான் பழைய கார் ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன். கையில 1,20,000 ரூபாய் இருக்கு. லோன் போட விருப்பம் இல்ல.

தெரிஞ்சவர் மூலமா ஸ்ரீரங்கத்துல ஒரு வண்டி வந்திருக்கு. சான்ட்ரோ ஜிங், 2009 மே மாசப் பதிவு, டிஎன்-48, ஒரே ஓனர். பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆன பெரியவர். கண் சரியா தெரியலன்னு ஓட்டறத விட்டுட்டார். கோயில், மார்க்கெட், எப்பவாவது ஜங்ஷன், அவ்வளவுதான் ஓடியிருக்கு. மீட்டர் 38,000 கி.மீ. காட்டுது. கேக்கிற விலை 95,000. ஆர்சி புக் (பதிவுச் சான்று) 2029 வரைக்கும் ரினியூவல் ஆகியிருக்குன்னு சொல்றார்.

லைசென்ஸ் இருக்கு, ஹைவேல ஓட்டின பழக்கமும் உண்டு. ஆனா 16 வருஷத்து வண்டிய 330 கி.மீ. ஓட்டிட்டு வர்றது சரியா, இல்ல லாரியில ஏத்தணுமா? லாரி வாடகை என் பட்ஜெட்டுக்கு மீறிப் போகுது. அங்க போய் என்ன பார்க்கணும்னும் சொல்லுங்க.

அயனாவரம் ஷெட்:

தம்பி, லாரி வேணாம். ஓட்டிட்டே வாங்க. ஆனா காசு குடுத்த அன்னைக்கே கிளம்பாதீங்க. ஒரு ராத்திரி திருச்சில தங்குற மாதிரி லீவு போட்டுப் போங்க.

38,000 கி.மீ.ன்னு சந்தோஷமா எழுதியிருக்கீங்க. என்னைக் கேட்டா அந்த வண்டில யோசிக்க வைக்கிற நம்பரே அதுதான். நிறைய ஓடின வண்டில தேய்மானம் இருக்கும், ஆனா அப்பப்ப ஏதாவது மாத்தியிருப்பாங்க. இந்த மாதிரி தெருவுக்குள்ள மட்டும் ஓடின வண்டில எதையும் மாத்தியிருக்க மாட்டாங்க, ஏன்னா எதுவும் நின்னு தொலைச்சிருக்காது. 16 வருஷத்து ரப்பர் அப்படியே உள்ள இருக்கும். மூணு கி.மீ. ஓடும்போது அது தாங்கும். பெரம்பலூர் தாண்டி 80-ல ஒரு மணி நேரம் விடாம ஓடும்போது தாங்குமான்னு பெரியவருக்கும் தெரியாது, ஏன்னா அவர் அப்படி ஓட்டினதே இல்ல.

அதனால முதல்ல டயர். பட்டன் ஆழமா இருக்குன்னு காட்டுவாங்க, அதை நம்பாதீங்க. டயர் பக்கவாட்டுல டிஓடின்னு ஆரம்பிக்கிற எழுத்து வரிசையோட கடைசியில நாலு நம்பர் ஒரு சின்ன கட்டத்துக்குள்ள இருக்கும். 2314-ன்னா 2014-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. சில டயர்ல அந்த நம்பர் உள்பக்கமா திரும்பியிருக்கும், குனிஞ்சு டார்ச் அடிச்சுத்தான் பார்க்கணும். ஆறேழு வருஷம் தாண்டின டயர்ல ஹைவே ஏறாதீங்க. வெளிய பளபளன்னு இருந்தாலும் உள்ள ரப்பர் கெட்டியாகி, சூடு ஏறினா வெடிக்கும். 13 இன்ச் டயர்தான், திருச்சிலயே நாலும் மாத்திடலாம். அந்தக் காசை முதல்லயே ஒதுக்கி வைங்க.

அடுத்தது தண்ணி. இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடிய திறங்க. கூலண்ட்னா பச்சையோ சிவப்போ ஒரு நிறம் இருக்கும். காவி நிறத்துல இருந்தா வருஷக்கணக்கா குழாய்த் தண்ணி ஊத்தி ஓட்டியிருக்காங்கன்னு அர்த்தம். உப்புத் தண்ணியா இருந்தா உள்ள படிஞ்சு ரேடியேட்டர் குழாயெல்லாம் அடைச்சிருக்கும். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் ரெண்டையும் விரலால அமுக்கிப் பாருங்க. நொறுநொறுன்னு சத்தம் வந்தாலோ, ஊறின மாதிரி தொளதொளன்னு இருந்தாலோ மாத்திடணும்.

அப்புறம் ஏசி போடாம 20 நிமிஷம் ஐடில்ல விடுங்க. ஒரு கட்டத்துல ஃபேன் தானா சுத்தணும், சுத்தி சூட்டை இறக்கிட்டு நிக்கணும். இதுல ஒரு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கோங்க. நிக்கும்போது சூடு ஏறி, ஓடும்போது இறங்கினா ஃபேன் பக்கம் கோளாறு. ஹைவேல ஓடும்போதே மீட்டர்ல சூடு காட்டுற முள்ளு மேல போனா ரேடியேட்டர் அடைப்பு, இல்ல தண்ணி குறைவு. அப்படி வழியில ஏறிட்டா ஏசிய நிறுத்திட்டு ஹீட்டரை ஃபுல்லா திறங்க. உள்ள வேகும்தான், ஆனா இன்ஜின் சூட்டை அது கொஞ்சம் இழுத்துக்கும். ஓரமா நிறுத்தி அரை மணி நேரமாவது விடுங்க. சூட்டோட மூடிய திறந்தா முகம் வெந்துடும்.

இன்ஜின் ஆயில் மூடிக்கு அடியில வெண்ணெய் மாதிரி படிஞ்சிருந்தா உடனே பயந்து திரும்பி வந்துடாதீங்க. கம்மி தூரம் ஓடுற வண்டில உள்ள ஈரம் நின்னு அப்படி வரும். ஆயில் அளவு பார்க்கிற குச்சி, அதான் டிப்ஸ்டிக், அதை உருவிப் பாருங்க. அதுலயும் ஆயில் பால் கலந்த டீ நிறத்துல இருந்தா, தண்ணியும் ஆயிலும் கலக்காம தடுக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கு, அந்த வண்டி வேணாம்.

இன்ஜின் வால்வெல்லாம் சரியான நேரத்துல திறந்து மூட வைக்கிற டைமிங்குக்கு சான்ட்ரோல இருக்கிறது செயின் இல்ல, பெல்ட். மாத்தின பில் இருக்கான்னு கேளுங்க. 38,000-தானே ஓடியிருக்கு, எதுக்கு மாத்தணும்பாங்க. பெல்ட் மாத்த கிலோமீட்டர் கணக்கு ஒண்ணு, வருஷக் கணக்கு ஒண்ணு, எது முதல்ல வருதோ அப்ப மாத்தணும். ஓடிட்டிருக்கும்போது அறுந்தா வண்டி அங்கேயே நின்னுடும், இன்ஜின் மேல்பாகத்தை (ஹெட்) இறக்குற வேலை வரைக்கும் இழுக்கும். பில் இல்லன்னா அங்கேயே மாத்திட்டுக் கிளம்புங்க.

பிரேக் பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. மெதுவா கீழ இறங்கிட்டே போனா, பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர்ல கோளாறு. பெட்ரோல் ஹோஸையும் பார்க்கச் சொல்லுங்க. இப்ப பங்க்குல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2009-ல போட்ட ரப்பர் அதுக்காகச் செஞ்சது இல்ல. டேங்க் அரைக்குக் கீழ போக விடாதீங்க. பம்ப் டேங்குக்குள்ளயே இருக்கு, பெட்ரோல்லதான் அது குளிரும், தவிர அடியில துரு இருந்தா அதையும் இழுக்கும்.

வண்டிய நான் குறை சொல்றேன்னு நினைக்க வேணாம். உங்க அப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி அந்த விலைக்குக் கிடையாது. சீட் உயரமா இருக்கும், குனியாம அப்படியே உட்காரலாம், முட்டி மடிய வேண்டிய வேலை கம்மி. இருங்காட்டுக்கோட்டைல செஞ்ச வண்டி, 1998-ல இருந்து வந்த மாடல், ஸ்பேர் எல்லாம் புதுப்பேட்டைல மூலைக்கு மூலை கிடைக்கும். 95,000-ஐ 85,000-க்குப் பேசுங்க. மிச்சம் இருக்கிற 35,000-ல டயர், பெல்ட், ஹோஸ், கூலண்ட், பேட்டரி முடிச்சிடலாம். இருக்கிற காசு முழுசையும் விலையாவே குடுத்துட்டா ரிப்பேருக்குக் கையில இருக்காது.

இன்சூரன்ஸ் அக்கா, கே.கே.நகர்:

வண்டிய பத்தி அண்ணன் சொல்லிட்டார். நான் பேப்பர் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா வண்டி நல்லா இருந்தும் பேப்பர்ல மாட்டிக்கிட்டவங்கள தினமும் பார்க்கிறேன்.

புக் 2029 வரைக்கும்னு அவர் வாயால சொல்றது போதாது. மத்திய அரசோட வாகனப் பதிவுத் தளமான பரிவாகன்ல வண்டி நம்பரைப் போட்டு நீங்களே பாருங்க. பதிவு எது வரைக்கும், இன்சூரன்ஸ் எது வரைக்கும், லோன் பாக்கி காட்டுதா, அபராதம் நிலுவைல இருக்கா, எல்லாம் தெரியும். பழைய லோன் அடைச்சும் புக்ல பேங்க் பேர் நீக்காம விட்டிருப்பாங்க. அப்படி இருந்தா பேங்க் கடிதமும் படிவம் 35-ம் வேணும். பேங்க்ல இருந்தவர் வண்டிங்கிறதால கண்டிப்பா பாருங்க, ஊழியர் கடன்ல வாங்கியிருக்கலாம்.

பேர் மாத்த படிவம் 29, 30 ரெண்டுலயும் அவர் கையெழுத்து வேணும். சட்டப்படி விக்கிறவர் 14 நாளுக்குள்ள தெரிவிக்கணும், வாங்குறவர் 30 நாளுக்குள்ள. ஒரே மாநிலம்கிறதால நம்பர் டிஎன்-48 அப்படியே இருக்கும், பூந்தமல்லி ஆர்டிஓ ஆபீஸ்ல உங்க பேருக்கு மாறும். வாங்கின அன்னைக்கு ஒரு டெலிவரி நோட் எழுதி தேதியோட மணியும் போட்டு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. அது அவருக்கும் பாதுகாப்பு. புக்ல பேர் இருக்கிறவர்தான் உரிமையாளர், விபத்து இழப்பீடு அவர் தலையிலதான்னு 2018-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. வயசானவர், அவர் தலையில அந்த பாரத்தை வச்சுட்டு வராதீங்க.

இன்சூரன்ஸ் காலாவதி ஆகியிருந்தா, பாலிசி போடாம ஸ்ரீரங்கம் தெருவ விட்டுக்கூட வண்டிய வெளிய எடுக்க வேணாம். இருந்தா மூணாம் நபர் பாதுகாப்பு வண்டியோட வந்துடும். உங்க வண்டிக்கு ஆகுற சேதத்துக்கு வேணும்னா 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த விண்ணப்பிக்கணும்.

இன்னொண்ணு, 2029-ல மறுபடி ரினியூவல் வரும்போது வண்டிக்கு 20 வயசு முடிஞ்சிருக்கும். 15 வருஷம் தாண்டின காருக்கு 5,000 ரூபாயா இருந்த கட்டணம், 20 தாண்டினதுக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆயிடுச்சு. பசுமை வரி தனி. அதை மனசுல வச்சு விலை பேசுங்க. பாண்டிச்சேரி வண்டி மலிவா இருக்குன்னு யாராவது இழுத்தா போயிடாதீங்க. அது தனி யூனியன் பிரதேசம், தடையில்லாச் சான்று வாங்கி இங்க மறுபடி வரி கட்டணும்.

கொள்ளிடக்கரை:

நான் ஸ்ரீரங்கம்தான். வண்டிய ஓட்டிப் பார்க்க ராஜகோபுரத்தைச் சுத்தி வர்றதுல பிரயோஜனம் இல்ல. கொள்ளிடம் பாலம் தாண்டி நம்பர் 1 டோல்கேட் போய் ஹைவே ஏறி, சமயபுரம் தாண்டி கொஞ்ச தூரம் 80-ல ஓட்டிட்டுத் திரும்பி வாங்க. ஸ்டியரிங் ஆடுதா, நாலாவது கியர்ல கிளட்ச் வழுக்குதான்னு அதுல தெரிஞ்சிடும். திரும்பி வந்ததும் வண்டிக்கு அடியில ஒரு பேப்பர் விரிச்சு வைங்க, எது ஒழுகினாலும் தெரியும்.

கிளம்புறது ஞாயித்துக்கிழமை வேணவே வேணாம். சாயங்காலம் தென் மாவட்டம் முழுக்க சென்னைக்குத் திரும்பும், பரனூர் டோல்ல மாட்டிக்கிட்டா பழைய வண்டி அங்கதான் கொதிக்கும். வார நாள்ல காலை 6 மணிக்குக் கிளம்புங்க. பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், மேல்மருவத்தூர்னு நாலு இடத்துல நிறுத்தி பானட்டைத் திறந்து ஒரு பார்வை பாருங்க. இதெல்லாம் மெக்கானிக் கிடைக்கிற ஊர். நடுவுல நின்னா 1033-க்கு போன் பண்ணுங்க, நெடுஞ்சாலை உதவி வரும்.

ஃபாஸ்டேக் பெரியவருது இருந்தா அன்னைக்கு மட்டும் அதுலயே பணம் போட்டுக்கோங்க. சமயபுரம், திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர்னு ஆறு டோல். டேக் இல்லாம யுபிஐல குடுத்தா ஒண்ணே கால் மடங்கு. கடைசியில தாம்பரம் உள்ள போகாதீங்க, வண்டலூர்ல அவுட்டர் ரிங் ரோடு பிடிச்சா நேரா உங்க நசரத்பேட்டைதான்.

பூந்தமல்லிக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து பெரியவரோட பையன்கிட்ட வீடியோ கால்ல பேசினேன். டயர் நம்பர் மூணுல 1815, ஒண்ணுல 0919. ஸ்டெப்னி வண்டியோட வந்ததேதான், தரையத் தொட்டதே இல்லையாம். கூலண்ட் காவி நிறம். டிப்ஸ்டிக் சுத்தமா இருக்கு. பெல்ட் மாத்தின பில் இல்ல. பரிவாகன்ல 2029 மேன்னு காட்டுது, இன்சூரன்ஸ் இன்னும் மூணு மாசம் இருக்கு. அக்கா சொன்ன மாதிரியே புக்ல பேங்க் பேர் இருக்கு, கடிதம் வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டார். டயர் நம்பரைச் சொன்னதும் அவங்களே 86,000-க்கு இறங்கி வந்துட்டாங்க.

ஏசி குளிரலயாம். அதையும் அங்கேயே செஞ்சுட்டு வரணுமா அண்ணே?

அயனாவரம் ஷெட்:

ஏசிய இங்க வந்து பார்த்துக்கலாம், அது உயிர் போற விஷயம் இல்ல. கண்ணாடிய இறக்கிட்டு வாங்க. டயர் அஞ்சு வாங்குங்க, நாலு இல்ல, அந்த ஸ்டெப்னி உதவாது. ஜாக்கி, வீல் ஸ்பேனர் டிக்கில இருக்கான்னு பார்த்து, ஒரு நட்டையாவது கழட்டி மாட்டிப் பாருங்க, துருப்பிடிச்சு இறுகியிருக்கும்.

பெல்ட் மாத்தும்போது அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் பேரிங்கையும் சேர்த்து மாத்தச் சொல்லி, பழசைக் கையில வாங்கிக்கோங்க. கூலண்ட் பழசை முழுசா வடிச்சு, நல்ல தண்ணி விட்டு ஓட்டி, நிறம் தெளியிற வரைக்கும் கழுவச் சொல்லுங்க. ஹோஸ் ரெண்டும் புதுசு, கிளாம்ப்பும் புதுசு. பேங்க் கடிதம் கைக்கு வந்த பிறகு மீதிக் காசைக் குடுங்க. விழுப்புரம் தாண்டினதும் முள்ளு எங்க நிக்குதுன்னு இங்க எழுதுங்க, நான் பார்த்துட்டே இருப்பேன்.