பழைய 12 போர் இரட்டைக்குழல்: இது தேய்மானமா, துருவா?

புதுக்கை:
பழைய 12 போர் (போர் என்பது குழலின் உள்விட்ட அளவு) இரட்டைக்குழல் ஷாட்கன் துப்பாக்கி ஒன்று விலைக்கு வருகிறது. வெளியே பூச்சு புதிதுபோல் இருக்கிறது. வலது குழலுக்குள், தோட்டா அறையைத் தாண்டியதும் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. நிறையச் சுட்ட தேய்மானம்தான் என்கிறார் விற்பவர். நம்பலாமா?

குழல்நோக்கி:
சுட்டுச் சுட்டுத் தேய்வது ரைபிள் குழல். ஷாட்கன் குழலுக்குள், குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளமே கிடையாது. அதைக் கெடுப்பது துரு. அப்புறம் அந்தத் துருவை மறைக்க உள்ளே மெருகு போட்டவர்களின் கை.

இரண்டு அறையும் காலிதானா என்று பார்த்துவிட்டுக் குழலைத் தனியாகக் கழற்றுங்கள். வெண்கலப் பிரஷ் விட்டு நன்றாகத் தேய்த்துத் துடையுங்கள். ஈயப் படிவும் வாட் (தோட்டாவுக்குள் மருந்துக்கும் சில்லுக்கும் நடுவே இருக்கும் அடைப்பு) பிளாஸ்டிக் கறையும் துருக்குழி மாதிரியே கண்ணுக்குத் தெரியும். பிறகு ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக் குழலைப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். உள்ளே நிழல் வட்டம் வட்டமாக ஓடும். வட்டம் ஓரிடத்தில் பிறை போல நெளிந்தால் அங்கே ஒடுக்கு. சுற்றிலும் கறுப்பு வளையம் விழுந்தால் குழல் அங்கே உப்பியிருக்கிறது. அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கண் மட்டும் போதாது. கண்ணாடி போல மின்னிய ஒரு குழலை மயங்கி வாங்கினேன். அளந்தபோது ஒரு பக்கச் சுவர் 0.4 மி.மீ. தான் இருந்தது. மிக மெல்லிய இடத்திலும் அரை மில்லிமீட்டராவது வேண்டும் என்பார்கள். அந்தத் துப்பாக்கியால் நான் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது, அவ்வளவு அழகான வேலைப்பாடு.

பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகள் பலவற்றில் குழலின் அடியில் .729 (அங்குலம்) என்பதுபோல ப்ரூஃப் முத்திரை, அதாவது குழலின் பலத்தைச் சோதித்துப் போட்ட முத்திரை இருக்கும். பின்வாயிலிருந்து ஒரு சாண், அதாவது 9 அங்குலம் உள்ளே அளந்த விட்டம் அது. இப்போது அதைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துப் பங்கு (0.010 அங்குலம்) கூடியிருந்தால் அந்த முத்திரை செல்லாது.

மணிச்சத்தம்:
குழலை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். மணி மாதிரி நீளமாக ஒலித்தால் சரி. கரகரவென்று அடங்கினால் இரண்டு குழலுக்கும் நடுவே ஓடும் ரிப் என்ற உலோகப் பட்டையின் பற்றவைப்பு விட்டிருக்கும்.

புதுக்கை:
பிரஷ் போட்டேன். பாதிப் புள்ளி போய்விட்டது. மிச்சத்தை மெருகு போட்டுத் தருகிறேன் என்கிறார்.

குழல்நோக்கி:
வேண்டாம், கையை வைக்க விடாதீர்கள். தோட்டா அறையை ஒட்டிய அந்த இடத்தில்தான் வெடிப்பு அழுத்தம் மிக அதிகம். சுவரும் அங்கே தடிமன் என்பதால் மேலோட்டமான குழி பெரும்பாலும் பயமில்லை. மெருகு போட்டால் குழி போகும், கூடவே உலோகமும் போகும். இப்போது இருக்கிற நிலையிலேயே துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய் விட்டம், சுவர்த் தடிமன் இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். அளக்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் வாங்காதீர்கள்.