ரைஃபிள் தோட்டா லாட் மாறினதும் 50 மீட்டர்ல க்ரூப் (டார்கெட்ல துளைங்க சேர்ந்து விழற கூட்டம்) மேல கீழ நீளுது, ஏன்?

கடலூர்_ப்ரோன்
வணக்கம். .22 எல்ஆர் (சின்ன ரைஃபிள் தோட்டா), 50 மீ ப்ரோன் (குப்புறப் படுத்துச் சுடுறது). பிராண்ட் அதேதான், லாட் (ஒரே தடவையில தயாரிச்ச தொகுதி) மட்டும் புதுசு. பழைய லாட்ல 10 ரவுண்டு வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் 17 மி.மீ.க்குள்ள நின்னுச்சு. இதுல அகலம் மாறல, உயரம் 24 வரைக்கும் போகுது. பேரல் சுத்தம் பண்ணியாச்சு, ஸ்டாக் ஸ்க்ரூ டைட்டா இருக்கு. தப்பு தோட்டாவிலயா, என் பொசிஷன்லயா? எடை போட்டுப் பிரிச்சா சரியாகுமா?

வில்லியனூர்_22
முதல்ல க்ரூப் சாஞ்சிருக்கான்னு பாருங்க. பேரல் வலது சுழற்சின்னா (உள்வரிகள் குண்டை வலப்பக்கமா சுழற்றினா), வலப்பக்கமிருந்து வர்ற காத்து குண்டை இடது-மேலே தள்ளும்; இடப்பக்கமிருந்து வர்ற காத்து வலது-கீழே. கடிகாரத்துல 10, 4 மணி திசையில சாஞ்சு நீண்டா அது காத்தோட வேலை. நம்ம பக்கம் வெயில் ஏறி கடல் காத்து எழும்பினதும் சுட்ட டார்கெட்டை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

நேர் செங்குத்தா நீண்டா வேகத்தைச் சந்தேகப்படலாம். 325 மீ/வி-ல கிளம்புற குண்டு 50 மீ போக சுமார் 0.16 வினாடி, அதுக்குள்ள 12 செ.மீ.க்கு மேல இறங்குது. 10 மீ/வி குறைஞ்சா இன்னும் 8 மி.மீ. இறங்கும். பத்து வளையமே 10.4 மி.மீ.தான். குரோனோகிராஃப் (குண்டு வேகம் அளக்கிற கருவி) கிடைச்சா 20 ரவுண்டு அளங்க. மூச்சு நிறுத்துற இடம் மாறினாலும் இதே மாதிரிதான் வரும், அதனால ரெஸ்ட்ல (ரைஃபிளை அசையாம தாங்குற தாங்கி) வச்சுச் சுட்டுப் பார்க்காம தோட்டாவைக் குத்தம் சொல்ல முடியாது.

பழைய_ரேஞ்ச்_ஆள்
எடை போடுறது வீண் வேலை தம்பி. முழுத் தோட்டா சுமார் 3.3 கிராம், அதுல குண்டு மட்டும் 2.6. வேகத்தை மாத்துறது கேஸ் (பித்தளைக் கூடு) விளிம்புக்குள்ள இருக்கிற ப்ரைமர் கலவையும் (அடிபட்டதும் தீப்பிடிக்கிறது) துளியூண்டு வெடிமருந்தும். அந்த வித்தியாசம் ஈயம், பித்தளை எடை வித்தியாசத்துக்குள்ள மறைஞ்சு போயிடும். விளிம்புத் தடிமன் பார்த்துப் பிரிக்கிறதும் மலிவுத் தோட்டாவுக்கு ஏதோ கொஞ்சம் உதவும், போட்டிக்கான மேட்ச் கிரேடுக்குப் பெருசா இல்ல.

சென்டர்ஃபயர் (ப்ரைமர் அடிப்பக்கத்து நடுவுல இருக்கிற தோட்டா) கதை வேற. 1975-ல பால்மிசானோவும் பிண்டெல்லும் கொண்டுவந்த 6 பிபிசி (6 PPC) தோட்டாவுல குட்டையான தடிச்ச கேஸ், சின்ன ப்ரைமர், 1.5 மி.மீ. தீத்துளை (ப்ரைமர் தீ மருந்துக்குப் போற ஓட்டை)ன்னு ஒவ்வொண்ணையும் யோசிச்சு அமைச்சாங்க. சுடுறவங்களே கையால நிரப்பியும் பார்க்கலாம். 1887-ல வந்த .22 எல்ஆர்-ல அதுக்கு வழியே இல்ல. ப்ரைமர் கலவையை ஈரமா கேஸுக்குள்ள போட்டுச் சுழற்றி விளிம்புல ஏத்துறாங்க, அது சுத்திலும் சமமா உட்காரணும். நம்ம கையில இருக்கிறது நம்ம பேரலுக்கு ஒத்துப்போற லாட்டைப் பொறுக்குறது மட்டும்தான்.

டெஸ்ட் இப்படிப் பண்ணுங்க. காத்து எழும்பாத காலையில, ரெஸ்ட்ல, லாட்டுக்கு 10 ரவுண்டு வீதம் 4 க்ரூப். 5 ரவுண்டு க்ரூப் ஏமாத்தும். பிராண்ட் மாறினா, முன்னாடி 15-20 ரவுண்டு சும்மா சுட்டு விடுங்க. புது மெழுகு பேரல்ல பரவட்டும். நாலுல நல்லா வந்த ஒண்ணை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பாதீங்க, மோசமான க்ரூப்தான் மேட்ச்ல வந்து நிக்கும்.

கடலூர்_ப்ரோன்
நன்றிண்ணா. பெட்டியில வேகம் போட்டிருக்கே, அதே நம்பர் பார்த்து வாங்கலாமா? ஹை-வெலாசிட்டி (அதிவேகத் தோட்டா) போட்டா இறக்கம் குறையும்தானே?

வில்லியனூர்_22
ஈலி டெனெக்ஸ் (ஒரு மேட்ச் தோட்டா) பெட்டியில அடிச்சிருக்கிறது லாட்டோட சராசரி வேகம். உங்க பிரச்சனை ரவுண்டுக்கு ரவுண்டு வர்ற ஏற்ற இறக்கம், அது அந்த நம்பர்ல தெரியாது. ஹை-வெலாசிட்டி வேண்டவே வேண்டாம். 375 மீ/வி-ல கிளம்பி, டார்கெட்டை நெருங்கும்போது ஒலி வேகத்துக்கு இறங்கி வரும். அந்த இடத்துல காத்துத் தடை அதிகம், பக்கக் காத்துல மேட்ச் தோட்டாவைவிட அதிகமா விலகும்.

இன்னொண்ணு, சூடான சேம்பர்ல (பேரல்ல தோட்டா உட்கார்ற இடம்) ரவுண்டைப் போட்டுட்டு காத்துக் கொடி பார்த்துக் காத்திருக்காதீங்க. மருந்து சூடாகி அந்த ஒரு ரவுண்டு தனியா விலகும். மே மாச வெயில்ல காருக்குள்ள வச்ச பெட்டியில மெழுகு இளகி வழிஞ்சிடும். காத்துப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், வீட்டுக்குள்ள நிழல். ஈயத்துல வெள்ளை பூத்த ரவுண்டைப் பயிற்சிக்கு ஒதுக்கிடுங்க.