புதுப்பிப்பு: பிராடோ 150, மணற்காட்டு மணலும் உப்பும்

டொயோட்டா பிராடோ 150 ஜீப்பின் உடலை நிலத்திலிருந்து இன்னும் 2 அங்குலம் உயர்த்துவது பற்றி முதலில் எழுதியிருந்தேன். வடமராட்சி மணற்காட்டின் மணல்மேடுகளில் ஓட அது போதுமா என்று பலர் கேட்டீங்கள். போதாது. மணலில் உயரத்தைவிட ரயர் காற்றுத்தான் முக்கியம். 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள். 15க்குக் கீழே போனால், வெட்டித் திருப்பும்போது ரயர் றிம்மை விட்டுக் கழரலாம். தார் வீதியில் ஏறமுன் திரும்ப நிரப்பவேணும், இல்லாட்டி பக்கச்சுவர் சூடேறிக் கிழியும்.

இதைவிடப் பெரிய ஆபத்து டிஃபரன்ஷியல் மூச்சுக்குழாய். டிஃபரன்ஷியல், சுருக்கமாக டிஃப், என்பது சில்லுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி; அதற்குள் காற்று போய்வரும் வழிதான் மூச்சுக்குழாய். கடனீரேரி ஓரத்தில் சூடான டிஃப் தண்ணீருக்குள் இறங்கினால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். குழாய் அடைபட்டிருந்தால் சீல் (அச்சு நுழையுமிடத்து ரப்பர் வளையம்) வழியாக உப்புநீரை இழுக்கும். குழாயின் வாயே தண்ணீருக்குள் இருந்தால் அதுவழியே போகும். ஓயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். முன்குழாயை என்ஜின் அறைக்கும், பின்குழாயைப் பின்விளக்கு உயரத்துக்கும் நீட்டிவிடுங்கள். செலவு சொற்பம்.

வந்தவுடன் சேசிஸின் (அடிச்சட்டத்தின்) உட்பக்கம்வரை கழுவவேணும். நல்லதண்ணிக் கிணறு பாருங்கள், உவர்த்தண்ணியால் கழுவிப் பயனில்லை. பிறகு புரொப்பெல்லர் சாஃப்ட் (விசையை டிஃபுக்குக் கொண்டுபோகும் தண்டு) சிலுவை மூட்டுகளுக்கு, பழைய கிறீஸ் பிதுங்கும்வரை லித்தியம் கிறீஸ் அடியுங்கள். தண்டு நீண்டு சுருங்கும் சறுக்கு மூட்டுக்கு மட்டும் அளவாக; கூடினால் சாஃப்ட் உள்வாங்க இடமில்லாமல் இறுகும்.