முதல் காதலை 60 வயதுக்கு மேல் தேடிப்போவது: எப்படித் தொடங்குவது, எங்கே தடுக்கும்?

ஆற்றோரம் (கேள்வி):
எனக்கு நெருங்கிய ஒருவர் சார்பில் கேட்கிறேன். அவருக்கு 67 வயது. மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது. கல்லூரிக் காலத்தில் காதலித்த பெண்ணை இப்போது தேடலாமா என்று யோசிக்கிறார். அந்தப் பெண் எங்கே இருக்கிறார், குடும்பம் உண்டா, எதுவும் தெரியாது. அந்தப் பெண்ணுக்குச் சங்கடம் வராமல் எப்படித் தொடர்புகொள்வது? மனசில் இருப்பது அந்த மனுஷியா, அந்த வயசா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஒத்துவந்தால் உடம்பு, பணம், பிள்ளைகள் விஷயத்தில் என்ன பார்க்கவேண்டும்? "செய்யலாம், கூடாது" என்பதைவிட எப்படிச் செய்வது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கடிதவழி:
தொடர்புகொள்வது பற்றி மட்டும் சொல்கிறேன். முதல் தப்பு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

இருவருக்கும் தெரிந்த நண்பர் ஒருவர் இருந்தால் அவர் வழியாகப் போவதே நல்லது. அவரிடம் கேட்கவேண்டியது இரண்டுதான்: நலமாக இருக்கிறாரா, கணவர் இருக்கிறாரா. அதற்குமேல் அந்தப் பெண்ணின் எண்ணையோ முகவரியையோ கேட்கக்கூடாது. "என் எண் இது, விருப்பம் இருந்தால் அவரிடம் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு வரவேண்டும். பேசுவதா வேண்டாமா என்கிற முடிவு அப்போது அவர் கையில் இருக்கும். கணவர் இருக்கிறார் என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. "நட்பாக மட்டும்" என்று தொடங்கினாலும் பழைய காதல் நட்பின் வேகத்தில் நகராது.

நண்பர் யாரும் இல்லையென்றால் ஃபேஸ்புக் போன்ற இடங்களில் தேடலாம். திருமணத்துக்கு முந்தைய பெயர், கல்லூரி, படித்து முடித்த ஆண்டு மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். நட்புப் பட்டியலில் இல்லாதவர் அனுப்பும் செய்தி 'கோரிக்கைகள்' என்ற தனிப்பெட்டியில் போய் விழும், பலர் அதைத் திறப்பதே இல்லை. அதனால் பதில் வராததை உடனே மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறு வாரம் கழித்து இன்னும் ஒரே ஒருமுறை எழுதலாம், மூன்றாவது முறை கூடாது. வீட்டு முகவரிக்குக் கடிதம், பிள்ளைகள் வழியாகத் தூது, பொதுவில் பழைய புகைப்படம் போட்டு 'யாராவது தெரியுமா' என்று கேட்பது: மூன்றுமே வேண்டாம். படிப்பவர் அவர் ஒருவராக மட்டுமே இருக்கவேண்டும்.

செய்தி ஐந்து வரியைத் தாண்டக்கூடாது. இப்படி: "வணக்கம். கல்லூரியில் உங்களோடு படித்தவன் நான். நலமாக இருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள ஆசை. என் மனைவி மூன்று வருடம் முன்பு காலமாகிவிட்டார். எழுதத் தோன்றினால் எழுதுங்கள். இல்லையென்றாலும் தவறாக நினைக்கமாட்டேன்." மனைவி பற்றிய வரி அனுதாபம் தேடுவதற்காக இல்லை. அது இல்லாவிட்டால் "இவர் எந்த நிலையில் இருந்து எழுதுகிறார்?" என்று அவர் ஊகிக்க வேண்டியிருக்கும், சந்தேகத்தோடு யாரும் பதில் எழுதமாட்டார்கள். அப்போது 'நீ' என்று பேசியிருந்தாலும் இப்போது 'நீங்கள்' தான். 'நீ'க்குத் திரும்புவதென்றால் முதலில் அவர் திரும்பட்டும்.

நிழல்மரம்:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

வயதானவர்களிடம் வாழ்க்கையில் நினைவில் நிற்பதைச் சொல்லச் சொன்னால், சுமார் 10 முதல் 30 வயதுவரை நடந்தவைதான் மற்ற எல்லா வயதையும்விட அதிகமாக மேலே வரும். நினைவாற்றல் ஆய்வில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு இது. முதல் காதல் சரியாக அந்தக் காலத்தில் உட்கார்ந்திருக்கிறது. துணையை இழந்தவருக்கோ இப்போதைய வீடு வெறிச்சென்று இருக்கும். இரண்டும் சேரும்போது பழைய முகம் அளவுக்குமேல் பிரகாசமாகத் தெரியும்.

ஆனால் இதை வெறும் ஏக்கம் என்று தள்ளிவிடவும் முடியாது. நான்சி காலிஷ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990களில், பழைய காதலரோடு மீண்டும் சேர்ந்த ஆயிரம் பேர் அளவில் விசாரித்தார். 72 விழுக்காட்டினர் அந்த நேரத்தில் சேர்ந்தே இருந்தார்கள். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள் என்பதால் இந்த எண்ணை எல்லோருக்கும் பொருத்தக்கூடாது. இணையம் வந்தபிறகு அவர் பார்த்த நிலைமை வேறு. ஏற்கெனவே திருமண வாழ்வில் இருந்துகொண்டு 'சும்மா தேடிப் பார்த்தவர்கள்' பலர் குடும்பத்தை உடைத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்டவர்கள் தேடவே வேண்டாம் என்று அவர் கடைசிவரை எச்சரித்தார். கடிதவழி சொன்ன 'அங்கேயே நிறுத்துங்கள்' என்பதை நான் அழுத்திச் சொல்வது அதனால்தான்.

பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு தாளில் அந்தப் பெண்ணைப் பற்றி நினைவில் இருக்கும் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு வரியிலும் இது அவருடைய குணமா, அல்லது அப்போது தனக்கு இருந்த உடம்பு, ஊர், நண்பர்கள், கவலையின்மையா என்று குறிக்கச் சொல்லுங்கள். 'மற்றவர் கஷ்டத்தைப் பார்த்தால் நிற்பாள்' என்பது குணம். 'அவளோடு மழையில் நடந்தது' அந்த வயசு. குணம் என்று தேறும் வரி நாலைந்துகூட இல்லையென்றால் அவர் தேடுவது தன் இளமையை. அது தப்பில்லை, ஆனால் அதை இன்னொருவர் திருப்பித் தரமுடியாது.

ஏன் பிரிந்தார்கள் என்பதையும் எழுதவேண்டும். பெற்றோர் எதிர்ப்பு, வேலைக்காக ஊர் மாறியது போன்ற வெளிக்காரணமாக இருந்தால் அது இப்போது இல்லாமல் போயிருக்கலாம். கோபம், பொய், குடி, அலட்சியம் என்றால் 45 வருடத்தில் அது மாறிவிட்டதா என்று கண்ணால் பார்க்கவேண்டும். இருவருக்கும் பிரிவின் கதை வேறுவேறாக நினைவிருக்கும். மூன்றாவது, நான்காவது சந்திப்பில் அதைப் பேசிவிடுவது நல்லது. "அப்படியா நடந்தது?" என்று கேட்கும் பக்குவம் இல்லாமல் "இல்லை, நீதான்" என்று தொடங்கினால் 22 வயதுச் சண்டை அப்படியே எழுந்துவரும்.

எந்தப் பெரிய முடிவுக்கும் ஒரு வருடம் காத்திருக்கச் சொல்லுங்கள்.

வெயில்தாழ:
நிழல்மரம் சொன்ன ஒரு வருடத்தில் எனக்கு உடன்பாடில்லை. 67 வயதில் ஒரு வருடம் சின்ன விலை இல்லை. வீடு விற்பது, குடிபெயர்வது, திருமணம் இவற்றுக்கு ஒரு வருடம் சரி. ஒருவரை ஒருவர் பார்ப்பதை ஏன் தள்ளவேண்டும்? பேச்சு தொடங்கிய மூன்று நாலு வாரத்தில் நேரில் சந்திக்கவேண்டும். மாதக்கணக்கில் இரவிரவாகத் தொலைபேசியிலேயே பேசினால், குரலைக் கேட்டுப் பழைய முகத்தை ஒட்டிக்கொள்ளும் வேலைதான் நடக்கும். பிறகு நேரில் பார்க்கும்போது இருவரும் திடுக்கிடுவார்கள்.

சந்திப்புக்கு முன் வீடியோ அழைப்பு கட்டாயம். பழைய பெயரையும் படத்தையும் வைத்துப் போலிக் கணக்கு தொடங்கிப் பணம் பறிப்பவர்கள் உண்டு. கேமரா கெட்டுவிட்டது, வெளிநாட்டில் மாட்டிக்கொண்டேன், மருத்துவச் செலவு என்று வந்தால் அங்கேயே துண்டித்துவிடுங்கள். எந்தப் படத்திலும் எந்தப் பதிவிலும் இல்லாத, இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதல் சந்திப்பு பகலில், பொது இடத்தில், ஒன்றரை மணி நேரத்துக்குள். முடியும் நேரத்தை முன்பே சொல்லிவிட்டால் இருவருக்கும் மூச்சு விடமுடியும். சத்தமில்லாத இடமாகப் பார்த்து எதிரெதிரே உட்காருங்கள். இந்த வயதில் காது மங்கியிருப்பதை யாரும் சொல்லமாட்டார்கள், பாதி பேச்சு புரியாமல் சிரித்துத் தலையாட்டுவார்கள். அடுத்த சந்திப்புகளில் மருத்துவமனை வரிசை, நண்பர்கள் நடுவில் ஒரு மாலை, உடம்பு முடியாத ஒரு நாள் என்று சாதாரண வாழ்க்கையும் இருக்கட்டும். அவர் இன்று யார் என்பது அங்கேதான் தெரியும்.

மருந்துச்சீட்டு:
கூச்சத்தால் விட்டுப்போகும் விஷயம், சுருக்கமாக. இதயத்துக்கு நைட்ரேட் வகை மாத்திரையோ, நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மருந்தோ எடுப்பவர் சில்டெனாஃபில் (வயாகரா), டாடலாஃபில் போன்ற விறைப்பு மருந்துகளை எடுக்கவே கூடாது, ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாக விழும். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள், டாடலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள் நெஞ்சுவலி வந்தால், அதை எடுத்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும். இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் இருந்தால் பொதுவாக உடலுறவுக்கு இதயம் தாங்கும். இல்லையென்றால் முதலில் பரிசோதனை. ரத்த அழுத்த மருந்து சில விறைப்பைக் குறைக்கும். தானாக நிறுத்தாமல் மாற்றித் தரச்சொல்லிக் கேளுங்கள். மாதவிடாய் நின்றபின் வறட்சியால் வலிப்பது சாதாரணம், அதற்கு நீரை அடிப்படையாகக் கொண்ட வழவழப்புக் களிம்பு பலருக்குப் போதும். எண்ணெய், வாசலின் லேடெக்ஸ் ஆணுறையைக் கெடுத்துவிடும். கர்ப்ப பயம் இல்லை என்பதால் தொற்று பயமும் இல்லை என்று ஆகாது, இருவரும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஆற்றோரம்:
எல்லோருக்கும் நன்றி. பிள்ளைகளிடம் சந்திப்புக்கு முன்பே சொல்லவேண்டுமா, பிறகா? பணம் பற்றி யாரும் சொல்லவில்லையே.

உயிலும்உறவும்:
பணம் முதலில். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் கேட்கவேண்டிய கேள்விகள் மாறாது. மறுமணம் செய்தால் குடும்ப ஓய்வூதியம் நிற்குமா? பல திட்டங்களில் நிற்கும், பெண்தான் அதிகம் இழப்பார். பழைய உயில் செல்லுமா? சில நாடுகளில் திருமணம் நடந்தாலே முந்தைய உயில் ரத்தாகிவிடும். வங்கிக் கணக்கிலும் காப்பீட்டிலும் வாரிசாக இன்னும் இறந்த துணையின் பெயர்தான் இருக்கிறதா? ஒருவர் மயங்கி விழுந்தால் மருத்துவமனையில் கையெழுத்து யாருடையது, மற்றவரா, பிள்ளையா? இதெல்லாம் சிக்கல் என்றால் அவரவர் வீட்டிலேயே இருந்துகொண்டு துணையாக இருக்கலாம். பலருக்கு அதுதான் நன்றாகப் போகிறது. கணக்குகள் தனித்தனியாக இருக்கட்டும், பொதுச் செலவுக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று.

பிள்ளைகள்: முதல் சந்திப்புக்கு முன் சொல்லத் தேவையில்லை, பாதுகாப்புக்காக ஒரு நண்பருக்குத் தெரிந்தால் போதும். ஆனால் மூன்று நாலு சந்திப்பு ஆனபின் தள்ளிப்போடக்கூடாது. வேறு யாராவது பார்த்துச் சொன்னால் அது களவு போலாகிவிடும். ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாக, நேரில். சொத்துக்கு என்ன ஏற்பாடு என்பதை அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

புதிதாகச் சந்தித்த ஒருவர் என்றால் பிள்ளைகளுக்கு இவ்வளவு வலிக்காது. முதல் காதல் என்றதும் "அப்போ அம்மாவோடு வாழ்ந்ததெல்லாம்?" என்ற கேள்வி வரும். வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் இருக்கும். அதற்கு உங்கள் நண்பர் உண்மையான பதிலை முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும்: அம்மாவோடு என்ன பிடித்திருந்தது, எதற்காக இன்றும் அவரை நினைக்கிறார் என்று பெயர் சொல்லி, நாள் சொல்லி. "அவளை நான் மறக்கவே இல்லை" என்கிற வாக்கியத்தைப் பிள்ளைகள் காதுபடச் சொல்லக்கூடாது. அம்மாவின் படத்தையும் பொருட்களையும், பிள்ளைகள் வந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளும்வரை, இருந்த இடத்திலிருந்து நகர்த்தவேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.