இரண்டு 1440பி மானிட்டர்: ஒரே வேகமா, வேறு வேறா?

கேமிங்குக்காகப் புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தாகிவிட்டது. ரைசன் 5 7600, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ராம். மானிட்டரில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இப்போது இருப்பவை இரண்டு பழைய 24 அங்குல 1080பி (1920x1080 பிக்சல்), 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கும்). பட்ஜெட் கொஞ்சம் இறுக்கம்.

நண்பரின் 4கே மானிட்டரை மாட்டிப் பார்த்தேன். எழுத்துகள் அவ்வளவு கூர்மை, ஆனால் கனமான கேம்களில் டிஎல்எஸ்எஸ் (குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி) போட்டும் ஃப்ரேம் வேகம் விழுகிறது. 1440பியைவிட (2560x1440) 4கேயில் இரண்டேகால் மடங்கு பிக்சல், இந்த கார்டில் இருப்பதோ 8 ஜிபி நினைவகம். பாவம், அது என்ன செய்யும்? 27 அங்குலத்தில் 1080பி எனக்குப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. விலை குறைந்த விஏ பேனல் (எல்சிடி திரையில் ஒரு வகை) ஒன்றையும் பார்த்தேன். இருட்டுக் காட்சிகளில் நகரும் உருவத்துக்குப் பின்னால் கறுப்புத் தடம் இழுபட்டுக்கொண்டே வந்தது. ஆக, 27 அங்குலம், 1440பி, ஐபிஎஸ் (இன்னொரு வகை எல்சிடி பேனல்) என்பது முடிவு.

மேசை 120 செ.மீ. தான். ஒவ்வொரு மானிட்டரும் ஏறக்குறைய 61 செ.மீ. அகலம் வரும் என்பதால் மானிட்டர் ஆர்ம் (மேசையில் பொருத்தும் தாங்கி) போட்டு லேசாக உள்பக்கம் திருப்பிவிடலாம், அது பெரிய விஷயமில்லை. கார்டில் மூன்று டிஸ்ப்ளே போர்ட், ஒரு எச்டிஎம்ஐ இருக்கின்றன. விண்டோஸ் 11.

முதல் மானிட்டர் 165 ஹெர்ட்ஸ். இரண்டாவதில் பிரவுசர், வீடியோ, சாட் மட்டும்தான். அதை 75 ஹெர்ட்ஸில் வாங்கினால் நிறைய மிச்சமாகும்.

இப்படி வேறு வேறு ஹெர்ட்ஸில் இரண்டை வைத்திருப்பவர்களுக்கு, பக்கத்துத் திரையில் வீடியோ ஓடும்போது கேம் திக்குகிறதா?