அட்டையில் ஒரு பேர், எழுதினது ரெண்டு பேர்: உங்க அனுபவம் என்ன?

அல்சூர் ஏரிக்கரை

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அல்சூர் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போயிட்டு, வழக்கம்போல நாங்க நாலு பேரும் பக்கத்து தர்ஷினியில நின்னுக்கிட்டே காபி குடிச்சிட்டிருந்தோம். போன் வந்தது. "சார், என் பேர் எங்க சார்?" வணக்கம்கூடச் சொல்லல, நேரா இதுதான் கேட்டாங்க.

நாங்க ஒரு தமிழ் மின்னூல் தளத்துக்குச் சம்பளமில்லாம வேலை பார்க்கிறவங்க. யாராவது எழுதித் தருவாங்க, ஒருத்தர் மெய்ப்புப் பார்ப்பார், இன்னொருத்தர் அட்டை போடுவார், கடைசியில கோப்பை ஏத்துறது நான். அந்தம்மா சொன்ன புத்தகம், பெங்களூர்ல வாடகை வீடு தேடி அலைஞ்ச கதை. 14 அத்தியாயம். அதுல 5 அவங்க எழுதினது, மிச்சம் கூட வேலை பார்த்த தோழி எழுதினது. தளத்துல கணக்கு தோழி பேர்ல இருந்தது. எங்க படிவத்துல ‘ஆசிரியர்’னு ஒரே ஒரு பெட்டி. கணக்கு யார் பேரிலோ, அந்தப் பேர் தானா வந்து அதுல உட்கார்ந்துக்கும். நான் கவனிக்கல. கவனிச்சிருந்தாலும் விட்டிருப்பேன்னுதான் தோணுது. நன்றியுரையில "உடனிருந்து உதவிய தோழிக்கு"ன்னு ஒரு வரி இருந்ததே.

"உதவியா? மாரத்தஹள்ளி அத்தியாயம் முழுக்க நான் எழுதினது சார். வீட்டு ஓனர் ஃப்ரிட்ஜைத் திறந்து முட்டை இருக்கான்னு பார்த்தாரே, அது என் வீட்டு ஃப்ரிட்ஜ்."

என்னால பதில் பேச முடியல. படிச்சப்ப நானே சிரிச்ச இடம் அது.

அன்னைக்கு ராத்திரி ஈபப் கோப்பைப் பிரிச்சுப் பார்த்தேன். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன், ஈபப்ங்கிறது மின்னூல் கோப்பு வடிவம், பிரிச்சா ஒரு ஜிப் பொட்டலம். உள்ளே ஒரு கோப்புல நூல் பேர், மொழி, ஆசிரியர் எல்லாம் வரி வரியா இருக்கும். ஆசிரியர் வரி எத்தனை வேணும்னாலும் சேர்த்துக்கலாம், அந்த வடிவத்துல ஒரு தடையும் கிடையாது. நாங்கதான் ஒத்தைப் பெட்டியை வெச்சுக்கிட்டு இத்தனை நாள் ஓட்டியிருக்கோம். ரெண்டாவது பேரைச் சேர்த்து, அட்டையை மாத்தி, திரும்ப ஏத்த அரை மணி நேரம் ஆச்சு. ஆனா அதுக்குள்ள 212 பேர் பழைய கோப்பை இறக்கிட்டாங்க. அந்த 212 போன்லயும் முட்டையைத் தேடின வீடு வேற யாரோடதோதான்.

கூட்டா எழுதி, பேர் விஷயத்துல முட்டிக்கிட்டவங்க, முட்டிக்காம தப்பிச்சவங்க ரெண்டு பேரும் எழுதுங்க. படிவத்தைத் திருத்தப் போறோம். என்னென்ன வேணும்னு பார்க்கணும்.

மாரிக்குப்பம் பாசஞ்சர்

அண்ணே, எங்க கதை கொஞ்சம் நீளம்.

நான் கேஜிஎஃப், அதான் கோலார் தங்க வயல். இப்ப பெங்களூர் கே.ஆர்.புரம். 2001 பிப்ரவரி 28 அன்னைக்குச் சுரங்கத்தை மூடினப்புறம் எங்க ஊர்ல பாதிப்பேர் பொழைப்பே ரயில்லதான். விடியக்காலையில மாரிக்குப்பத்துல ஏறி பெங்களூர் வந்து, ராத்திரி வீட்டுக்குத் திரும்புறது. நானும் பல வருஷம் அப்படி வந்தவன்தான். அந்த ரயில்ல பெரியவங்க பேசுறதைக் கேட்டுக் கேட்டுதான் இந்தப் புத்தக ஆசையே வந்தது. 9 பெரியவங்க பேசினாங்க. நானும், ஊர்ல ஒரு டீச்சரம்மாவும் போன்ல பதிவு பண்ணி எழுதினோம். எங்க அப்பாவும் அந்த 9 பேர்ல ஒருத்தர்.

முதல் வரைவுல, சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல இறங்குறதைப் பத்தி, "கும்மிருட்டுக்குள் இறங்கினார்கள்"னு எழுதியிருந்தேன். 3 கிலோமீட்டருக்கு மேல ஆழம், இருட்டு இல்லாம என்ன இருக்கும்னு நினைச்சேன். வாசிச்சுக் காட்டினேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருட்டுன்னு உனக்கு யார் சொன்னது? தலையில லைட் இருக்குடா. சூடுன்னு எழுது. கேஜ் எறங்க எறங்க சட்டை முதுகுல ஒட்டும்."

பக்கத்துல இருந்த இன்னொரு பெரியவர், "கீழே சட்டை யாரு போட்டது?"ன்னார்.

ரெண்டு பேரும் சிரிச்சு ஓய்ஞ்சப்புறம் டீச்சரம்மா பேப்பரை வாங்கி, என் வரியை அடிச்சிட்டு, "விளக்கு இருந்தது. சட்டைதான் இல்லை"ன்னு எழுதினாங்க. இன்னைக்கும் அந்தப் புத்தகத்தைப் படிச்சவங்க எனக்குப் போன் பண்ணிச் சொல்றது அந்த வரியைத்தான். "எப்படி எழுதினீங்க"ங்கிறாங்க. நான் எழுதின வரியை அடிச்சுட்டுல்ல அது வந்தது!

அதனால 11 பேரும் ஆசிரியர்னு முடிவு பண்ணோம். நாங்க ஏத்தின தளத்துல பல பேர் சேர்க்க வசதி இருந்தது. ஆனா பட்டியல் பக்கத்துல முதல் பேரை மட்டும் போட்டு "மற்றும் 10 பேர்"னு காட்டும். அகர வரிசையில முதல்ல வந்தவர், "சட்டை யாரு போட்டது?"ன்னு கேட்ட அந்தப் பெரியவர். அவர் மகன் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்து லேமினேட் பண்ணிட்டான். அவ்ளோதான், ஆண்டர்சன்பேட்டையில மிச்ச 8 வீட்லயும், "நாங்க மத்தவங்களாடா?"ன்னு என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. எங்க அப்பாவும் சேர்ந்துதான்.

புதுப் படிவம் செய்றவங்க அந்த ‘மற்றும்’ வரியை மட்டும் தயவுசெஞ்சு எடுத்துடுங்க. பட்டியல் நீண்டா நீளட்டும்.

குறுங்கோடு

அகர வரிசைன்னதும் ஞாபகம் வந்தது. என் பேர் கோ-ல ஆரம்பிக்கும், கூட எழுதினவர் பேர் பா-ல. தமிழ்ல அடுக்கினா நான் முன்னால. அதே பேர்களை இங்கிலீஷ்ல எழுதினா பி (B) முந்திக்கும், ஜி (G) பின்னால போயிடும். தளத்தோட தமிழ்ப் பக்கத்துல நான் முதல் ஆசிரியர், ஆங்கிலப் பக்கத்துல அவர். ரெண்டு பேருக்கும் சந்தோஷம், அதனால பிழைன்னு யாருமே புகார் பண்ணல.

இனிஷியல்தான் உண்மையான தலைவலி. குடும்பப் பேர் பெட்டியைக் கட்டாயமா நிரப்பச் சொல்லும். நமக்கு எங்க குடும்பப் பேர்? அப்பா பேரோட முதல் எழுத்து ‘கு’வைப் போட்டேன். இப்ப நூலகப் பட்டியல்ல ஆசிரியர்: கு. அதுக்கப்புறம்தான் மிச்சப் பேர். என்னைத் தேடுறவன் கு-ல தேடணும். ஒரே பெட்டி வைங்க, பேரை அவங்கவங்க எப்படி எழுதுறாங்களோ அப்படியே வாங்கிக்குங்க. நான் கம்ப்யூட்டர் கோடு எழுதுறவன்தான், வேணும்னா ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்றேன்.

திண்டி ஆயித்தா

என்னோடது சண்டை இல்லீங்க. பசவனகுடி. குழந்தைகளுக்குக் கன்னடக் கதைகளைத் தமிழ்ல மாத்துறேன். இங்கே பெங்களூர்ல இருக்கிற பிரதம் புக்ஸ் 2015-ல ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர் மாதிரி திறந்த உரிமத் தளங்கள் வந்தப்புறம், யார் வேணும்னாலும் மொழிபெயர்க்கலாம்னு ஆயிடுச்சு. அங்கே எழுதினவர், படம் போட்டவர், மொழிபெயர்த்தவர்னு தனித்தனியாப் பேர் வரும், அது நல்ல பழக்கம். எனக்குக் கன்னடம் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், பேச்சும் வரும். ஆனா நம்பி இறங்கக் கூடாத பாஷை அது, தமிழ் மாதிரியே இருந்துக்கிட்டு காலை வாரும்.

ஒரு கதையில பாட்டி காலையில பேரனைப் பார்த்து "திண்டி ஆயித்தா?"ன்னு கேட்பாங்க. நான் "தின்பண்டம் தீர்ந்துவிட்டதா?"ன்னு எழுதிட்டேன். அதுக்கு ஏத்த மாதிரி படத்துல ஒரு காலித் தட்டு வேற! எதிர் வீட்டு ஆன்ட்டி, மைசூர்க்காரங்க, வாசிக்கச் சொல்லிக் கேட்டாங்க. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. "டிபன் சாப்பிட்டியான்னு கேக்கறா அஜ்ஜி, நீங்க பாட்டியைக் கணக்குப் பிள்ளை ஆக்கிட்டீங்க."

அதுக்கப்புறம் எட்டுக் கதை, வரிக்கு வரி அவங்க கூட உட்கார்ந்துதான். அவங்களுக்குத் தமிழ் ஒரு எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. ஆனாலும் மொழிபெயர்ப்பாளர்னு ரெண்டு பேர் பேரும் போடுறேன். தமிழே படிக்காதவங்க எப்படித் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஆவாங்கன்னு என் வீட்டுக்காரர் கேட்டார். அந்தத் தட்டைப் பார்த்துட்டுக் கேளுங்கன்னேன்.

கோர்ட் வாசல்

வக்கீல் தொழில், அதனால சுருக்கமா. 1957 பதிப்புரிமைச் சட்டத்துல ‘கூட்டாசிரியர் படைப்பு’ன்னா, ஒருத்தர் பங்கை இன்னொருத்தர் பங்குலேர்ந்து பிரிச்சுக் காட்ட முடியாத அளவுக்குச் சேர்ந்து செஞ்சது. மாரிக்குப்பம் நண்பரோட சட்டை வரி அந்த மாதிரின்னு வாதாட நான் தயார். முட்டை வீட்டு அம்மா எழுதினது தனி அத்தியாயம், பிரிச்சுக் காட்டலாம். அந்த 5 அத்தியாயத்துக்கு உரிமை அவங்களோடது. உரிமையை எழுதிக் கொடுத்தாக்கூட, ‘இது நான் எழுதினது’ன்னு சொல்ற உரிமை எழுதினவரை விட்டுப் போகாது, 57-ஆவது பிரிவு.

கூட்டுப் படைப்பா இருந்தா, கடைசியா இறக்கிற ஆசிரியர் காலத்துக்கு அப்புறம் 60 வருஷம் பதிப்புரிமை நிக்கும். என்கிட்ட ஒரு தாத்தாவும் பேரனும் வந்தாங்க, தாத்தாவுக்கு 78, பேரனுக்கு 31. இதைச் சொன்னதும் தாத்தா பேரன் முதுகுல தட்டி, "உடம்பைப் பார்த்துக்கடா"ன்னார்.

சில்க் போர்டு சிக்னல்

எங்களோடது காசுக்கு வித்த புத்தகம். தளம் ஒரே ஒரு வங்கிக் கணக்குக்குத்தான் அனுப்பும், அது என்னோடது. முதல் மூணு மாசத்துக்கு 1,840 ரூபாய் வந்தது. கூட எழுதின நண்பனுக்குப் பாதி, 920 அனுப்பினேன். நான்தான் அதிகம் எழுதினேன்னு அவன் சொன்னான். ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரெண்டு பேரும் போன்ல வார்த்தை எண்ணினோம். 54-க்கு 46, அவன் சொன்னது சரிதான். மீதி 73 ரூபாய் 60 காசை ஜிபேல போட்டேன், "பிச்சையா போடற?"ன்னு திருப்பி அனுப்பினான். 12 வருஷச் சிநேகம், இப்போ பேச்சில்லை. பங்கு எவ்வளவுன்னு முதல் அத்தியாயத்துக்கு முன்னாடியே கேட்டு ரெண்டு பேரையும் ஒத்துக்க வைக்கிற மாதிரி ஒரு கட்டம் போடுங்க, சாமி.

அல்சூர் ஏரிக்கரை

எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டேன். ‘இன்னொருவரைச் சேர்’னு பட்டன் வெச்சாச்சு. சேர்க்கப்பட்டவருக்கு மின்னஞ்சல் போகும், அவங்க சரின்னு அழுத்தினாத்தான் பேர் வரும். முட்டை வீட்டம்மாவுக்கு அது ஸ்பாம்ல போய் விழுந்து மூணு நாள் கிடந்தது. இன்னொரு வசவு வாங்கிட்டேன். தோழிகள் ரெண்டு பேரும் இன்னும் நேர்ல பேசிக்கலன்னு கேள்வி. அதை எந்தப் பட்டன் வெச்சுச் சரி பண்றதுன்னு தெரியல.

குறுங்கோடு

மாரிக்குப்பம் அண்ணாவுக்கு ஒரு நல்ல சேதி. ஈபப்ல யார் என்ன வேலை செஞ்சாங்கன்னு குறிக்க, அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தோட மார்க் (MARC) குறிப் பட்டியலைப் பயன்படுத்தலாம். அதுல எழுதினவர், மொழிபெயர்த்தவர் மட்டுமில்ல, ‘நேர்காணல் தந்தவர்’னே தனிக் குறி ஒண்ணு இருக்கு. 9 பெரியவங்களுக்கும் அதைப் போட்டுடலாமா? ‘மற்றும்’ வரியைத் தூக்கிட்டேன்.

மாரிக்குப்பம் பாசஞ்சர்

அப்பாகிட்ட கேட்டேன். "நேர்காணலா? நான் எங்கடா குடுத்தேன், டீ குடிச்சிக்கிட்டுப் பேசிட்டிருந்தேன்"ங்கிறார். உள்ளே குறி எதுவா வேணா இருக்கட்டும் தம்பி, வெளியில தெரியுற இடத்துல ‘சொன்னவர்’னு போட்டுடுங்க.